தேர்தல் விதி மாறினால் யார் மாறுகிறார்கள்? சிங்கப்பூரை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்கும் முன்னால் கோப்பிக் கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. குழுத்தொகுதி (பல வேட்பாளர்கள் ஒரே அணியாக நிற்கும் தொகுதி) எதற்கு, தோற்றவர் எப்படி நாடாளுமன்றத்தில் உட்காருகிறார், எங்கள் புளோக் ஏன் இந்த முறை வேறு தொகுதியில் இருக்கிறது என்று. ஒரே இடத்தில் எழுதிவைத்தால் அடுத்த முறை இணைப்பை அனுப்பிவிடலாம், அதற்காகத்தான் இது. நடுநிலை வேடம் போடவில்லை. என் கருத்து ஆங்காங்கே வரும், பிடிக்காவிட்டால் தகவலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் முறை என்பது வாக்கு எண்ணும் கணக்குதானே? அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும், அதுதான் விஷயம். தெரிந்ததும் கட்சிகள் வேட்பாளரை அதற்கேற்பத் தேடும், எங்கே நிற்பது எங்கே ஒதுங்குவது என்று முடிவெடுக்கும், யாரோடு கூட்டு வைப்பது என்று யோசிக்கும். வாக்காளர் கடைசியாகத்தான் வருகிறார். அவர் வாக்குச்சீட்டைக் கையில் வாங்கும்போது பாதி முடிவுகள் ஏற்கனவே எடுக்கப்பட்டுவிட்டன.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், கீழே பல இடத்தில் இது தலைகாட்டும்: விதியை எழுதியவர் நினைத்தபடியே அது நடந்துகொள்வது கொஞ்ச காலம்தான். அப்புறம் எதிரில் இருப்பவரும் அதே விதியைப் படித்துத் தனக்கு வசதியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறார்.

குழுத்தொகுதி வருவதற்கு முன்னால் பெரிய மாற்றம் எதுவும் நடந்ததா?

நடந்தது, அதைப் பற்றி யாரும் இப்போது பேசுவதில்லை. 1948-இல் இங்கே முதல் தேர்தல் நடந்தபோது ஆறே ஆறு இடங்களுக்குத்தான் வாக்கெடுப்பு. பிரிட்டிஷ் குடிமக்கள் மட்டுமே வாக்களிக்கலாம், அவர்களும் தாங்களாகவே போய்ப் பெயர் பதிய வேண்டும். பதிந்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம் பேர். அதில் கிட்டத்தட்டப் பாதி இந்தியர்கள்! மக்கள்தொகையில் நாம் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத காலம் அது. யார் வாக்காளர் என்ற விதி ஒன்றே போதும், அரங்கில் யார் குரல் பெரிதாகக் கேட்கும் என்பதைத் தலைகீழாக்க.

1955-இல் பெயர்ப் பதிவு தானாகவே நடந்தது, வாக்காளர் எண்ணிக்கை மூன்று லட்சத்தைத் தொட்டது, ஆனால் வாக்களித்தவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். 1959-இல் வாக்களிப்பது கட்டாயம் என்றாகிவிட, பத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். அதற்கு முன்பே 1957-இன் குடியுரிமைச் சட்டத்தால் சீனாவில் பிறந்த பெருந்தொகையானோர் புதிதாக வாக்குரிமை பெற்றிருந்தார்கள். ஆங்கிலம் படித்த சிலரைப் பார்த்து அரசியல் செய்தால் போதும் என்றிருந்த கட்சிகள் அதோடு காணாமல் போயின. இன்றும் ஆளுங்கட்சியாக இருக்கும் மக்கள் செயல் கட்சி (மசெக) 51 இடங்களில் 43-ஐப் பிடித்தது. கட்டாய வாக்கு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சீனப் பேச்சுமொழிகளிலும் மலாயிலும் தமிழிலும் கூட்டம் போடத் தெரியாத கட்சிக்கு இனி வேலையில்லை என்பதை அந்த விதிதான் உறுதி செய்தது.

குழுத்தொகுதி ஏன் வந்தது? உண்மையான காரணம் என்ன?

அரசாங்கம் சொன்ன காரணம்: இன அடிப்படையில் வாக்களிக்கும் போக்கு இருந்தால் சிறுபான்மையினர் நாடாளுமன்றத்தில் குறைந்துபோவார்கள். எனவே 1988-இல் சட்டம் மாறியது. சில தொகுதிகளில் மூன்று பேர் கொண்ட அணியாக நிற்க வேண்டும், அதில் ஒருவராவது மலாய்க்காரராகவோ இந்தியராகவோ பிற சிறுபான்மையினராகவோ இருக்க வேண்டும். வாக்காளருக்கு ஒரே வாக்கு, அணிக்குத்தான் போடலாம், ஆளுக்குப் போட முடியாது.

விமர்சகர்கள் சொன்ன காரணம்: 1981-இல் அன்சன் இடைத்தேர்தலில் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினம் வென்றார். 1984-இல் அவர் மறுபடி வென்றார், பொத்தோங் பாசிரில் இன்னொரு எதிர்க்கட்சித் தலைவர் சியாம் சீ தோங்கும் வென்றார், மசெகவின் வாக்கு விகிதம் ஏறத்தாழ 77.7-லிருந்து 64.8 விழுக்காட்டுக்கு இறங்கியது. நான்கே ஆண்டில் புது விதி.

நான் என்ன நினைக்கிறேன்? இரண்டும் உண்மை என்றுதான். ஒரு விதிக்கு ஒரே நோக்கம்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேர் அணி 1991-இல் நான்காகி, 1997-இல் ஆறு வரை போனதற்குச் சிறுபான்மைக் காரணத்தைச் சொல்வது கஷ்டம். ஒரு சிறுபான்மை வேட்பாளருக்குப் பக்கத்தில் ஐந்து பேர் எதற்கு? பின்னாளில் முன்னாள் பிரதமர் கோ சோக் தோங்கே 2006-இல் வெளிப்படையாகச் சொன்னார்: முதல் தேர்தலிலேயே தோற்றுவிடுவோம் என்ற பயம் இருந்தால் நல்ல வேலையில் இருக்கும் திறமைசாலிகள் அரசியலுக்கு வரத் தயங்குவார்கள், குழுத்தொகுதி அதற்கு உதவுகிறது என்ற பொருளில்.

அப்படியானால் எதிர்க்கட்சிகள் என்ன செய்தன?

முதலில் திணறின. 1988-இல் யூனோஸ் குழுத்தொகுதியில் பாட்டாளிக் கட்சி 49.1 விழுக்காடு வாங்கித் தோற்றது. ஒரு மயிரிழை. ஆனால் அணி பெரிதாகப் பெரிதாக ஆள் பிடிப்பதே பெரும்பாடானது. ஐந்து, ஆறு பேர், அதில் சிறுபான்மையினர் ஒருவர், எல்லாருக்கும் வைப்புத்தொகை. 2025-இல் ஆளுக்கு 13,500 வெள்ளி, ஐந்து பேர் அணி என்றால் 67,500. எட்டில் ஒரு பங்கு வாக்குக் கிடைக்காவிட்டால் அது திரும்பி வராது.

விளைவு, போட்டியே இல்லாத தேர்தல்கள். 1997-இல் 83 இடங்களில் 47, 2001-இல் 84-இல் 55 இடங்கள் வேட்புமனுத் தாக்கல் நாளன்றே முடிந்துவிட்டன. நாற்பது வயதைத் தொட்டும் ஒரு முறைகூடப் பொதுத் தேர்தலில் வாக்களிக்காதவர்கள் இங்கே சாதாரணமாக இருந்தார்கள்.

கூட்டணி அரசியலும் மாறியது. 2001-இல் நான்கு சிறு கட்சிகள் சேர்ந்து சிங்கப்பூர் ஜனநாயகக் கூட்டணி அமைத்தபோது அதில் சிங்கப்பூர் மலாய் தேசிய அமைப்பும் இருந்தது. தனியாக நின்றால் எங்கும் ஜெயிக்க வழியில்லாத ஒரு மலாய்க் கட்சிக்கு, அணியில் மலாய் வேட்பாளர் தேவை என்ற விதியால் திடீரென்று மதிப்பு வந்துவிட்டது.

1991-இல் ‘இடைத்தேர்தல் உத்தி’ என்று ஒன்று இருந்ததாமே?

இருந்தது, எனக்கு மிகவும் பிடித்த கதை. 81 இடங்களில் எதிர்க்கட்சிகள் வேண்டுமென்றே 40-இல் மட்டும் நின்றன. 41 இடங்கள் மசெகவுக்குப் போட்டியின்றிப் போய்விட்டதால் ஆட்சி யாருடையது என்பது வாக்களிப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது. பொதுத் தேர்தலை இடைத்தேர்தல் மாதிரி ஆக்கிவிடும் இந்த யோசனையை முன்வைத்தவர் சியாம் சீ தோங். ‘ஆட்சி கவிழ்ந்துவிடுமோ என்ற பயம் உங்களுக்கு வேண்டாம், தைரியமாக எதிர்க்கட்சிக்குப் போடுங்கள்’ என்பதுதான் வாக்காளருக்குச் சொன்ன சேதி. நான்கு இடங்கள் எதிர்க்கட்சிகளுக்குக் கிடைத்தன, அவற்றில் ஒன்று ஹவ்காங், லோ தியா கியாங்குடையது. அந்தத் தொகுதி இன்றுவரை பாட்டாளிக் கட்சியிடம்தான் இருக்கிறது.

நான்கும் தனித்தொகுதிகள், அதாவது ஒரே ஒரு உறுப்பினருக்கான தொகுதிகள், என்பதைக் கவனியுங்கள். குழுத்தொகுதியில் அந்த உத்தி எடுபடவில்லை.

2011-இல் என்ன ஆயிற்று? கோட்டை எப்படி விழுந்தது?

இங்கேதான் விதி திரும்பிக் கடித்தது. இருபது ஆண்டு ஹவ்காங்கில் இருந்த லோ, அந்தப் பாதுகாப்பான இடத்தை விட்டுவிட்டு அல்ஜூனிட் குழுத்தொகுதியில் அணி அமைத்தார். சில்வியா லிம், பிரித்தம் சிங் எல்லாரும் அதே அணி. 54.7 விழுக்காட்டில் வெற்றி. எதிர் அணியில் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் இயோ இருந்தார், அவர் மேல் கோபமில்லாதவர்கள்கூட அணிக்கு எதிராக வாக்களித்ததால் அவரும் போனார். தனித்தொகுதியாக இருந்திருந்தால் ஒரு இடம் போயிருக்கும். குழுத்தொகுதி என்பதால் ஐந்து இடம், அதில் இரண்டு அமைச்சர் பதவி.

அதே தேர்தலில் சியாம் சீ தோங்கும் அதே மாதிரிதான் துணிந்தார். பொத்தோங் பாசிரை மனைவியிடம் விட்டுவிட்டு பீஷான்-தோ பாயோ குழுத்தொகுதிக்குப் போனார். அங்கே தோல்வி. பொத்தோங் பாசிரும் 114 வாக்கில் கைவிட்டுப் போனது. இருவரும் எடுத்தது ஒரே முடிவு. ஒருவருக்கு ஐந்து இடம் கிடைத்தது, இன்னொருவர் இருந்த ஒன்றையும் இழந்தார். குழுத்தொகுதி சூதாட்டத் தொகையை உயர்த்திவிடுகிறது, அவ்வளவுதான், யார் பக்கம் விழும் என்பதை அது முடிவு செய்வதில்லை.

2020-இல் இன்னும் வேடிக்கை. ஒரு காலத்தில் பாட்டாளிக் கட்சி வைத்திருந்து இழந்த பொங்கோல் ஈஸ்ட் தனித்தொகுதியை, புதிதாக உருவாக்கிய நான்கு பேர் செங்காங் குழுத்தொகுதிக்குள் சேர்த்தார்கள். இளம் குடும்பங்கள் நிறைந்த அந்தத் தொகுதியை பாட்டாளிக் கட்சி 52.1 விழுக்காட்டில் அள்ளிக்கொண்டது. 2025-இல் அது 56 விழுக்காட்டைத் தாண்டியது.

குழுத்தொகுதி இல்லாவிட்டால் ஒரு தமிழர் ஜெயிக்கவே முடியாதா?

முடியும், நடந்திருக்கிறது. ஜெயரத்தினம் அன்சனில் இரண்டு முறை. 2016-இல் புக்கிட் பாத்தோக் இடைத்தேர்தலில் முரளி பிள்ளை, சீ சூன் ஜுவானை எதிர்த்து 61 விழுக்காடு. 2023 அதிபர் தேர்தலில் தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காடு, அதுவும் எந்த இனத்துக்கும் ஒதுக்கப்படாத தேர்தலில், இரண்டு சீன வேட்பாளர்களை எதிர்த்து.

குழுத்தொகுதிக்குப் பின்னால் இருக்கும் நினைப்பு, சிறுபான்மை வேட்பாளர் பெரும்பான்மையினரின் தோளில் ஏறி வருவார் என்பது. ஆனால் 2015-இல் நாட்டிலேயே அதிக விழுக்காடு (79.3) வாங்கியது தர்மன் தலைமையிலான ஜூரோங் அணி. அங்கே யார் தோளில் யார் ஏறினார்கள்?

அதற்காக விதியே தேவையில்லை என்று உடனே சொல்லிவிட மாட்டேன். தர்மனையும் முரளியையும் காட்டி ‘பார்த்தீர்களா, பிரச்சினை தீர்ந்தது’ என்பது அவசரம். ஒரு கட்சியின் முன்னணித் தலைவர் ஜெயிப்பது வேறு, யாருக்கும் பெயர் தெரியாத ஒரு புது மலாய் அல்லது இந்திய வேட்பாளர் தனித்தொகுதியில் ஜெயிப்பது வேறு. இரண்டாவதை நாம் அடிக்கடி சோதித்துப் பார்த்ததே இல்லை, ஏனென்றால் கட்சிகள் சிறுபான்மை வேட்பாளர்களைப் பெரும்பாலும் குழுத்தொகுதியில்தான் நிறுத்துகின்றன. விதி தனக்கு எதிரான சாட்சியத்தைத் தானே அபூர்வமாக்கிவிடுகிறது.

குழுத்தொகுதியில் ஒருவர் விலகினால் இடைத்தேர்தல் வராதா?

வராது. அணி முழுக்கப் போனால்தான் வரும். தனித்தொகுதியில் காலியானால் நியாயமான காலத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்று 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டவர் ஹவ்காங்கில் வசித்த ஒரு சாதாரணக் குடியிருப்பாளர்.

2017-இல் ஹலிமா யாக்கோப் அதிபர் தேர்தலுக்காக மார்சிலிங்-இயூ டீயிலிருந்து விலகினார். அந்த அணியின் சிறுபான்மை உறுப்பினர் அவர்தான். இடத்தை நிரப்பவில்லை. நீதிமன்றத்துக்குப் போனார்கள், 2019-இல் இடைத்தேர்தல் தேவையில்லை என்று தீர்ப்பு. அதாவது சிறுபான்மை உறுப்பினர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று தொடங்கிய ஏற்பாட்டில், அவர் பாதியில் போனால் மீதிக் காலம் அவர் இல்லாமலேயே ஓடலாம். இதை எப்படிப் பார்த்தாலும் எனக்குச் சரியாகப் படவில்லை. அப்புறம் செங்காங், ஜூரோங், வெஸ்ட் கோஸ்ட் என்று இரு தரப்பிலும் காலியிடங்கள் அடுத்த பொதுத் தேர்தல் வரை அப்படியே கிடந்தன.

தோற்றவர் நாடாளுமன்றத்துக்குப் போவது எந்த ஊர் நியாயம்?

தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் திட்டத்தைத்தான் கேட்கிறீர்கள். 1984-இல் வந்தது. வென்ற எதிர்க்கட்சி உறுப்பினர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே இருந்தால், தோற்றவர்களில் அதிக விழுக்காடு வாங்கியவர்களைக் கொண்டு அதை நிரப்புவார்கள். அன்று அந்த எண் மூன்று, 2011 தேர்தலுக்கு முன் ஒன்பது, 2016 திருத்தத்துக்குப் பின் பன்னிரண்டு. அதே திருத்தத்தில் இவர்களுக்கு முழு வாக்குரிமையும் வந்தது.

ஆளுங்கட்சிக்கு இதில் கிடைத்த பிரசாரம்: ‘எதிர்க்குரல் எப்படியும் இருக்கும், நீங்கள் எங்களுக்கே போடுங்கள்’. நல்ல தந்திரம். 1991-இன் இடைத்தேர்தல் உத்தியை அப்படியே திருப்பிப் போட்டதுதான் இது, யாரும் சொல்லாவிட்டாலும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

எதிர்க்கட்சிகள் முதலில் முகம் சுளித்தன. 1984-இல் இந்த இடத்தை ஏற்க மறுத்தார்கள். 2016-இல்கூட லோ தியா கியாங் இதை வேரில்லாமல் குளத்தில் மிதக்கும் பாசிக்கு ஒப்பிட்டார். பேச்சு அப்படி இருக்க, நடந்ததைப் பாருங்கள். சில்வியா லிம் 2006-இல் அல்ஜூனிட்டில் தோற்றுத் தொகுதியில்லா உறுப்பினரானார், ஐந்து ஆண்டு நாடாளுமன்றத்தில் பேசினார், 2011-இல் அதே அல்ஜூனிட்டில் வென்றார். ஜெரால்டு கியாம், லியோன் பெரேரா, டென்னிஸ் டான் மூவரும் முதலில் தொகுதியில்லா உறுப்பினர்கள், 2020-இல் தொகுதி உள்ளவர்கள். எதிர்க்கட்சியின் அடுத்த வரிசைக்குப் பயிற்சிக்கூடமாகவே ஆகிவிட்டது. வாக்காளரைச் சமாதானப்படுத்த வைத்த நாற்காலி வேட்பாளரை வளர்க்கும் நாற்காலியானது.

எல்லை மறுவரைவு பற்றி ஏன் இவ்வளவு புலம்பல்? எல்லா நாட்டிலும் நடப்பதுதானே?

நடப்பதுதான். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) புதிது புதிதாகப் பேட்டைகளைக் கட்டும்போது எல்லை மாறாமல் இருக்க முடியாது, தெங்கா மாதிரி இடங்கள் பத்து வருடத்துக்கு முன் காடு. பிரச்சினை காலத்தில் இருக்கிறது. 2025-இல் தேர்தல் எல்லை மறுஆய்வுக் குழுவின் அறிக்கை மார்ச் 11-இல் வந்தது, வேட்புமனுத் தாக்கல் ஏப்ரல் 23, வாக்களிப்பு மே 3. ஐந்து வருடம் ஒரு வட்டாரத்தில் வீடுவீடாக ஏறி இறங்கிய கட்சிக்குத் தன் வட்டாரம் இன்னும் இருக்கிறதா என்று தெரிய வருவது ஆறு வாரத்துக்கு முன்னால்.

பழைய பட்டியலும் ஒன்று இருக்கிறது. 1988-இலும் 1991-இலும் நெருக்கமாகப் போன யூனோஸ், 1997-இல் நெருக்கமாகப் போன செங் சான், 2011-இல் 388 வாக்கில் மசெக தப்பித்த ஜூ சியாட், மூன்றும் அடுத்த தேர்தலில் வரைபடத்தில் இல்லை. குழு தன் காரணங்களை மக்கள்தொகை மாற்றம் என்றுதான் சொல்லும். உள்நோக்கத்தை நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் கட்சிகளின் நடத்தை இதனால் மாறியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது: தனித்தொகுதி ஒன்றைக் குறிவைத்து உழைப்பதைவிட, ஒரு வட்டாரத்தையே குறிவைத்து உழைப்பது பாதுகாப்பு என்று பாட்டாளிக் கட்சி கிழக்கு, வடகிழக்குப் பக்கம் முழுக்கப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மும்முனைப் போட்டி வந்தால் எதிர்க்கட்சி வாக்கு சிதறுமா?

பயப்படும் அளவுக்கு இல்லை, வாக்காளர்கள் விவரமானவர்கள். 2013 பொங்கோல் ஈஸ்ட் இடைத்தேர்தல் நான்கு முனை, பாட்டாளிக் கட்சிதான் வென்றது, மற்ற இரு எதிர்க்கட்சிகளும் சேர்ந்து இரண்டு விழுக்காடுகூடத் தேறவில்லை. 2025 தெம்பனிஸிலும் நான்கு அணிகள், அங்கேயும் சின்ன கட்சிகள் இரண்டும் ஒரு விழுக்காட்டுக்குக் கீழே, வைப்புத்தொகை போயிற்று. அதிக வாக்கு வாங்கியவரே வெற்றி என்ற முறையில் ஜெயிக்க வாய்ப்பில்லாதவருக்குப் போட்டு வாக்கை வீணாக்க யாரும் விரும்புவதில்லை.

அப்படியானால் 2011 அதிபர் தேர்தலில் மட்டும் ஏன் சிதறியது?

கட்சிச் சின்னம் இல்லை, யார் முந்துகிறார் என்பது கடைசிவரை தெரியவில்லை. நான்கு வேட்பாளர், நால்வர் குடும்பப் பெயரும் டான். டோனி டான் 35.2 விழுக்காட்டில் வென்றார், டான் செங் போக் 7,382 வாக்கில் தோற்றார். இரண்டாம் சுற்று என்ற விதி இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். விதி மாறியது, ஆனால் அந்தப் பக்கம் இல்லை: 2016-இல் தனியார் துறையிலிருந்து வரும் வேட்பாளர் நடத்தியிருக்க வேண்டிய நிறுவனத்தின் பங்குதாரர் முதல் குறைந்தது 50 கோடி வெள்ளி என்று உயர்ந்தது, ஐந்து தவணை அதிபராகாத இனத்துக்கு அடுத்த தேர்தலை ஒதுக்கும் ஏற்பாடும் வந்தது. 2017-இல் தகுதி பெற்றவர் ஒருவர்தான். வாக்களிப்பே நடக்கவில்லை.

வாங்கிய வாக்கு விகிதப்படி இடம் தரும் விகிதாசார முறை கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

2025-இல் மசெக 65.6 விழுக்காடு வாக்கு, 97-இல் 87 இடம். விகிதப்படி போட்டால் 64 இடம் என்று எல்லாரும் கால்குலேட்டரைத் தட்டுகிறார்கள். அப்படிக் கணக்குப் போடக் கூடாது. அந்த முறை இருந்திருந்தால் பாட்டாளிக் கட்சி 26 இடத்தில் மட்டும் நின்றிருக்காது, தீவு முழுக்க வாக்குக் கேட்டிருக்கும், மசெகவுக்கு உள்ளேயே யாராவது தனிக் கட்சி தொடங்கியிருக்கலாம்.

நம் ஆட்களுக்கு நெருக்கமான உதாரணம் இலங்கை. 1977-இல் ஐக்கிய தேசியக் கட்சி 50.9 விழுக்காடு வாக்கில் 168-இல் 140 இடம் பிடித்தது. ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 30 விழுக்காட்டுக்கு நெருக்கமாக வாக்கு, இடமோ எட்டு. வடக்கு கிழக்கில் வாக்குகள் குவிந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி அதைவிட மிகக் குறைந்த வாக்கில் 18 இடம் பெற்று, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அடுத்த ஆண்டே புது அரசியலமைப்பு, விகிதாசார முறை. அந்தப் பழைய வகை அமோக வெற்றி அதன் பிறகு கஷ்டமானது. ஆனால் கட்சிப் பட்டியலுக்குள் பிடித்த வேட்பாளரைக் குறிக்கும் விருப்பு வாக்கு வந்ததால் ஒரே கட்சி வேட்பாளர்கள் ஒருவரோடு ஒருவர் மோதத் தொடங்கினார்கள், செலவு ஏறியது, சொந்தக் கட்சிக்காரரின் சுவரொட்டியைக் கிழிக்கும் நிலைக்கும் போனது. ஒரு நோயை எடுத்தால் இன்னொன்று வருகிறது. எது தாங்கக்கூடியது என்பதுதான் கேள்வி, எனக்குக் கேட்டால் சிறிய குழுத்தொகுதிகளும், எல்லை அறிக்கைக்குப் பிறகு ஆறு மாத அவகாசமும் முதலில் வரட்டும்.

பிரசார ஓய்வு நாள் எதையாவது மாற்றியதா?

பெரிதாக இல்லை. வாக்களிப்புக்கு முந்தைய நாளான இது 2011-இலிருந்து இருக்கிறது. கூட்டமும் துண்டறிக்கையும் நிற்கும், வாட்ஸ்அப் நிற்காது.

வாக்களிக்கப் போகாவிட்டால் என்ன ஆகும்?

வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். திரும்பச் சேர்க்கத் தேர்தல் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும், ஏற்கத்தக்க காரணம் இல்லாவிட்டால் 50 வெள்ளி கட்டணம். தொகுதியில் போட்டியே இல்லாமல் போனால் உங்கள் மேல் தவறில்லை, பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும். 2025-இல் பாட்டாளிக் கட்சி மனுத்தாக்கல் செய்யாமல் ஒதுங்கியதால் மரின் பரேட்-பிரேடல் ஹைட்ஸில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. எல்லை மாறியதையும் கட்சித் தலைவர் ஒரு காரணமாகச் சொன்னார். வாக்களிப்பது கட்டாயம் என்ற நாட்டில் அவர்கள் அன்று வீட்டில் இருந்தார்கள்.